துருவைத் துரத்துங்கள், பொருளைத் துரத்தாதீர்கள்!

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துப் பக்கம் வந்த குடும்பங்கள் கையோடு கொண்டு வந்த சாமான்களை எண்ணிப் பார்த்தால் பட்டியல் சிறியதுதான். ஒரு தகரப் பெட்டி, சாமி படங்கள், அம்மிக்கல், அரிவாள்மனை, இரும்புத் தோசைக்கல், ஒரு பாராங் கத்தி, அப்பாவோ அம்மாவோ பிடித்துப் பிடித்துக் கைப்பிடி தேய்ந்து போன பால்வெட்டுக் கத்தி. சீபீல்டு தோட்டம் இருந்த மண்ணில் 1976 தொடங்கி சுபாங் ஜெயா எழுந்தது. புக்கிட் ஜாலிலில் பால்மரங்கள் நின்ற இடத்தில் விளையாட்டரங்கம் கட்டி, 1998-இல் காமன்வெல்த் போட்டியும் நடத்தி முடித்தார்கள். மரம் போயிற்று, லயமும் போயிற்று. கத்தியும் அரிவாளும் மட்டும் அடுக்குமாடி வீட்டின் பின்புறத்தில், ஒரு சாக்குக்குள் துருவேறிக் கிடக்கின்றன.

பழைய இரும்பு வாங்கும் லாரி தெருவில் குரல் கொடுக்கும்போது, "அந்தச் சாக்கைத் தூக்கிப் போட்டால் என்ன?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். எடைக்குப் போட்டால் கிடைப்பது சில்லறைக் காசு. போவதோ திரும்ப வராத பொருள். அதனால்தான் இம்முறை துருவைப் பற்றி எழுதுகிறேன். பெரிய செலவு ஒன்றும் இல்லை. அடுப்படியில் இருக்கும் புளி, எலுமிச்சை, வினிகர், சமையல் சோடா, தேயிலை, ஒரு மூடி எண்ணெய் இவையே போதும். ஆனால் எதற்கு எது, எவ்வளவு நேரம், எதைச் செய்யவே கூடாது என்பதைத் தெரிந்து கொண்டு இறங்க வேண்டும்.

துரு என்பது என்ன?

இரும்பும் காற்றில் உள்ள பிராணவாயுவும் தண்ணீரும் சேர்ந்தால் உண்டாவது துரு. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு இல்லை. இரும்பை விட்டு விலக முடியாது, காற்றையும் தடுக்க முடியாது. நம் கையில் இருப்பது தண்ணீரை விலக்குவது ஒன்றுதான்.

அதுதான் நம் நாட்டில் கடினம். கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் நிறைந்தே இருக்கும். போர்ட் கிள்ளான், கேரித் தீவு, காப்பார் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக உப்புக் காற்றும் உண்டு. உப்பு துருவை விரைவுபடுத்தும். வியர்வையிலும் உப்பு இருக்கிறது. காலையெல்லாம் வேலை செய்து வியர்த்த கையோடு கத்தியைத் துடைக்காமல் செருகி வைத்தால், விரல் பட்ட இடத்தில்தான் முதல் துரு தோன்றும்.

அலுமினியச் சட்டியின் மேல் படியும் மெல்லிய படலம் அடியில் உள்ள உலோகத்துக்குக் காவலாக நிற்கும். இரும்பின் துரு அப்படியல்ல. அது பொருக்குப் பொருக்காக இருப்பதால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அடியில் உள்ள இரும்பை மேலும் மேலும் தின்னும். தின்ற இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் தேவை. அதனால்தான் துருப்பிடித்த திருகாணி இறுகிப் போகிறது, கீல் முனகுகிறது, பூட்டுக்குள் சாவி திரும்ப மறுக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ரயிலேறும்போது தண்டவாளத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் முழுக்கச் செந்நிறத் துரு. மேல்முகம் மட்டும் வெள்ளி போலப் பளபளக்கிறது. அதே இரும்பு, அதே மழை. சக்கரம் அன்றாடம் உரசிக்கொண்டே இருப்பதால் மேலே துரு தங்குவதில்லை. சிலாங்கூரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரை முதல் ரயில் ஓடிய 1886-ஆம் ஆண்டிலிருந்து தண்டவாளம் சொல்லும் பாடம் இது. புழங்கும் பொருளில் துரு ஏறாது. மூலையில் போட்ட பொருளில்தான் ஏறும்.

சூலத்தில் குத்திய எலுமிச்சை

நம் தோட்டத்துக் கோயில்களில் முனியாண்டி சாமியின் சூலத்தில் எலுமிச்சம்பழம் குத்துவது வழக்கம். சில நாள் கழித்துப் பழத்தை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழம் இருந்த இடத்தில் துரு கரைந்து இரும்பு வெளுத்திருக்கும். அப்படியே விட்டுவிட்டால் ஒரே வாரத்தில் அந்த இடத்தில்தான் துரு முன்னைவிட மோசமாகப் பிடிக்கும்.

துரு நீக்கும் வித்தை முழுவதும் இதில் அடங்கிவிட்டது. புளிப்புப் பொருளில் உள்ள அமிலம் துருவைக் கரைக்கும். துரு தீர்ந்த பிறகும் அமிலம் தங்கினால் நல்ல இரும்பைக் கடிக்கும். ஆகவே எந்த முறையாக இருந்தாலும் ஐந்து படிகள் உண்டு. துருவைத் தளர்த்து, தேய், அமிலத்தை முறி, காயவை, எண்ணெய் பூசு. நம்மவர்களில் பலர் இரண்டாவது படியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிறகு, "எவ்வளவு தேய்த்தாலும் மறுநாளே வந்துவிடுகிறது" என்று சலித்துக் கொள்கிறார்கள்.

எந்தப் புளிப்பு நல்லது?

வினிகர்: மலாய்க்காரர் சூக்கா என்பார்கள். விலை குறைந்த வெள்ளை வினிகரே போதும். நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு அசெட்டிக் அமிலம் இதில் இருக்கும். ஆணி, திருகாணி, கீல், தாழ்ப்பாள், கொக்கி போன்ற சிறு சாமான்களுக்கு இதுவே முதல் தேர்வு.

எலுமிச்சை: இதில் சிட்ரிக் அமிலம் இருக்கிறது. மலாய்க்காரர் பரம்பரையாகக் கெரிஸ் கத்தியைச் சுத்தம் செய்யவும் எலுமிச்சைச் சாற்றைத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். கத்தி முகம், கத்தரிக்கோல், அரிவாள்மனை ஆகியவற்றில் உள்ள மேலோட்டமான துருவுக்கு ஏற்றது. பலகாரச் சாமான் விற்கும் கடைகளில் சிட்ரிக் அமிலத் தூளாகவும் கிடைக்கும். 1 லிட்டர் வெந்நீருக்கு 2 மேசைக் கரண்டித் தூள் போட்டால் வினிகரைப் போலவே வேலை செய்யும், நெடியும் இல்லை.

புளி: பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளப்பாக்கும் அதே புளி இரும்புத் துருவையும் இளக்கும். வேகம் குறைவு. குழைத்துப் பூசி வைக்கலாம் என்பது இதன் வசதி. செங்குத்தாக நிற்கும் கேட்டுக் கம்பி, சன்னல் கம்பி போன்றவற்றில் வினிகர் வழிந்துவிடும். புளிக்குழம்பு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பிலிம்பிக் காய்: மலாய்க்காரர் பெலிம்பிங் பூலோ என்று சொல்லும் இந்தப் புளிப்புக் காய் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும். கம்பத்திலோ லயத்துப் பின்புறத்திலோ மரம் இருந்தால் காசே வேண்டாம். காயை நசுக்கித் தேய்த்தால் துருக்கறை இளகும். இதில் ஆக்ஸாலிக் அமிலம் இருக்கிறது. கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் தொட வேண்டாம்.

கோலா பானம்: இதிலும் சிறிது பாஸ்பாரிக் அமிலம் இருப்பதால் வேலை செய்யும். ஆனால் பிசுபிசுக்கும், எறும்பு மொய்க்கும், வினிகரைவிட விலையும் கூட. பிள்ளைகள் குடிப்பதற்கே வேண்டாம் என்கிறோம், ஆணிக்கு எதற்கு?

கீல், தாழ்ப்பாள், திருகாணி

முதலில் சவர்க்கார நீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை நீக்குங்கள். பிசுக்கு இருந்தால் வினிகர் உள்ளே இறங்காது. தளர்ந்த துருவைப் பழைய பல்துலக்கியாலோ தேங்காய் நாராலோ தட்டி எடுங்கள். பிறகு கண்ணாடிப் போத்தலிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ போட்டு மூழ்கும் அளவுக்கு வினிகர் ஊற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். அதையும் அமிலம் கடிக்கும். மூடியை இறுக்காமல் மேலே மட்டும் வையுங்கள். உள்ளே வாயு உண்டாகும்.

மாலையில் போட்டால் மறுநாள் காலையில் பாருங்கள். லேசான துரு என்றால் 12 மணி நேரத்திலேயே விட்டுவிடும். தடித்த துருவுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ஆகலாம். இடையிடையே எடுத்துத் தேய்த்துவிட்டு மீண்டும் போடுங்கள். "இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும்" என்று மறந்துவிடாதீர்கள். திருகாணியின் மரையே கரைந்து போகும்.

எடுத்ததும் இரும்பு நாரால் தேய்த்து, 1 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக் கரண்டி சமையல் சோடா கலந்த நீரில் பத்து நிமிடம் போடுங்கள். நுரைத்தால் பயப்பட வேண்டாம். அமிலம் முறிகிறது என்று பொருள். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, உடனே துணியால் ஒற்றி, வெயிலிலோ சூடான தோசைக்கல்லின் மேலோ வைத்து ஈரம் போக்குங்கள். சூடு இருக்கும்போதே எண்ணெய் பூசுங்கள். இங்கே அரை மணி நேரம் தாமதித்தாலும் செம்பழுப்புப் பூச்சு மறுபடி தோன்றிவிடும்.

இரும்புச் சாமானையும் பித்தளைச் சாமானையும் ஒரே போத்தலில் ஊற வைக்காதீர்கள். பித்தளையிலிருந்து கரையும் செம்பு இரும்பின் மேல் படிந்து நிறத்தைக் கெடுக்கும். நாகப்பூச்சுப் பூசிய வாளி, ஆணி, கூரைத் தகரம் ஆகியவற்றுக்கும் வினிகர் ஆகாது. துருவைத் தடுக்கும் அந்த நாகப்பூச்சையே அமிலம் முதலில் தின்றுவிடும்.

கதவில் இறுகிப் போன திருகாணியை வெறியோடு திருகினால் தலை மழுங்கிவிடும். சில சொட்டு மண்ணெண்ணெயோ துரு இளக்கும் எண்ணெயோ விட்டு, சுத்தியலால் தலையில் மெல்லத் தட்டி, ஓர் இரவு விடுங்கள். முதலில் இறுக்கும் பக்கமாகச் சிறிது அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருகுங்கள். மண்ணெண்ணெய் விட்ட இடத்தில் தீக்குச்சி கொளுத்தக் கூடாது.

கடையில் கிடைக்கும் டபிள்யூ டி 40 பலருக்குத் தெரியும். 1953-இல் அமெரிக்காவில், ராக்கெட்டின் உலோக உடலில் துரு பிடிக்காமல் இருக்க ஈரத்தை விரட்டும் திரவம் ஒன்றைத் தேடினார்கள். நாற்பதாவது முயற்சி வெற்றி பெற்றதால் அந்தப் பெயர். ராக்கெட்டுக்கும் நம் வீட்டுக் கீலுக்கும் எதிரி ஒன்றே. அது ஈரம்.

பூட்டுக்குள் சமையல் எண்ணெய் விடாதீர்கள். நாளடைவில் அது பசையாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் கூரைச் சுரண்டிய கரித்தூளைச் சாவியில் தடவி உள்ளே விட்டு எடுங்கள். சாவி வழுக்கிக்கொண்டு திரும்பும்.

பால்வெட்டுக் கத்தி

பால்வெட்டுக் கத்தி சாதாரணக் கத்தி அல்ல. மரத்தைச் சாகடிக்காமல், அதே வெட்டைத் திரும்பத் திரும்பச் சீவிப் பால் எடுக்கும் முறையை, 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த ரிட்லி துரை பரப்பினார். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். பால் நரம்பு பட்டையின் உட்பகுதியில் ஓடுகிறது. அதற்கும் உள்ளே, மரத்தின் உயிர்ப்படலத்துக்கு முன்னால், ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட வேண்டும். ஆழம் தவறினால் மரத்தில் காயம் விழும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். விடியற்காலை இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடிக்கு நடுவே, ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வெட்டிய கைகள் நம் பெற்றோருடையவை. அந்தக் கத்தி துருப்பிடித்த இரும்பாக எடைக்குப் போகலாமா?

இதை ஓர் இரவு முழுவதும் வினிகரில் போட வேண்டாம். கடினமான எஃகுக்கு நீண்ட அமில ஊறல் ஆகாது. உடையும் தன்மை வந்துவிடும். சுருள்வில்லுக்கும் இதே எச்சரிக்கை. எலுமிச்சைச் சாற்றில் சிறிது உப்பைக் குழைத்துத் துருவின் மேல் பூசுங்கள். அரை மணிக்கு ஒரு முறை தேங்காய் நாரால் தேய்த்துப் பாருங்கள். இரண்டு மூன்று முறைக்குள் பெரும்பாலும் விட்டுவிடும். உப்பு சேர்த்திருப்பதால் சோடா நீரில் நன்றாக அலசுவது இங்கே மிகவும் முக்கியம். மரக் கைப்பிடியை நனைக்காதீர்கள். உள்ளே ஈரம் புகுந்தால் வெளியே தெரியாமல் கத்தியின் கழுத்து அறுந்து போகும்.

நினைவுக்காக வைத்திருக்கும் கத்தி என்றால் பளபளப்பாக்க வேண்டிய அவசியமே இல்லை. தளர்ந்த துருவை மட்டும் எடுத்துவிட்டு, கெட்டியான தேயிலைச் சாயத்தை ஆறவைத்து, பால் சர்க்கரை சேர்க்காமல், துணியில் தொட்டுப் பூசுங்கள். காய்ந்ததும் மீண்டும் பூசுங்கள். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து எஞ்சிய துருவோடு சேர்ந்து கருநிறமாக மாறும். ஆந்திரத்துக் கலம்காரித் துணியில் உள்ள கருப்புச் சாயம் இப்படிப் பிறப்பதுதான். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் புளிக்க வைத்து, கடுக்காய்ச் சாறு ஊறிய துணியில் அதனால் எழுதுகிறார்கள். கருத்த பிறகு எண்ணெய் பூசி வைத்தால், கத்தி வயதான அழகோடு நிற்கும். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டும்போது முனையை ஒரு தக்கையில் செருகி வையுங்கள்.

தோசைக்கல்லும் இரும்புச் சட்டியும்

துருப்பிடித்த தோசைக்கல்லைத் தூக்கி எறிந்துவிட்டுப் பூச்சுப் பூசிய சட்டி வாங்குகிறார்கள். கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளில் அதே பழைய மாதிரிக் கல்லைத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பதையே மீட்டுக்கொள்ளலாம்.

கல்லுப்பும் பாதி வெட்டிய உருளைக்கிழங்கும் கொண்டு தேயுங்கள். போகாத இடத்தில் இரும்பு நார். அதற்கும் அசையாவிட்டால் பாதி வினிகர், பாதி தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் மட்டும் ஊற விடுங்கள். கழுவி, அடுப்பில் வைத்துச் சொட்டு ஈரம் இல்லாமல் காயவையுங்கள். பிறகு சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டு இரண்டு பக்கமும் தடவி, தடவியதையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டது போல மெல்லிய பூச்சாக்குங்கள். புகை வரும் வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இப்படி நான்கைந்து முறை. சூட்டில் எண்ணெய் இறுகி, இரும்போடு ஒட்டிய கருப்புப் படலமாகிவிடும். அந்தப் படலம் துருவையும் தடுக்கும், தோசையையும் ஒட்டாமல் காக்கும். எண்ணெயை அதிகமாக ஊற்றினால் பிசுபிசுக்கும். மெல்லிய பூச்சுதான் இரகசியம்.

புதிதாகப் பழக்கிய சட்டியில் சில வாரங்களுக்குப் புளிக்குழம்பு வைக்காதீர்கள். புளி அந்தப் படலத்தைக் கரைத்துவிடும்.

தையல் இயந்திரமும் கேட்டும்

பாட்டி காலத்துச் சிங்கர் இயந்திரத்தில் வினிகரும் எலுமிச்சையும் படவே கூடாது. கருப்பு உடலில் உள்ள தங்கநிறச் சித்திரம் உரிந்து போகும். தையல் இயந்திர எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுத் துடையுங்கள். துருவேறிய ஊசித் தண்டையும் சக்கரத்தையும் அதே எண்ணெயில் நனைத்த மெல்லிய இரும்பு நாரால் மெதுவாகத் தேயுங்கள். ஒரு வாரம் பொறுமையாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு அசைத்தால், ஓடாத இயந்திரமும் பெரும்பாலும் ஓடும்.

கேட்டு, சன்னல் கம்பி ஆகியவற்றில் துருவை நீக்கினால் மட்டும் போதாது. காய்ந்ததும் அன்றே துரு தடுக்கும் அடிப்பூச்சு பூசி, அதன் மேல் சாயம் அடிக்க வேண்டும். பாரீசில் உள்ள ஈபல் கோபுரத்தையே ஏறக்குறைய ஏழு ஆண்டுக்கு ஒரு முறை, 60 டன் சாயத்தால் பூசிக்கொண்டிருக்கிறார்கள். மிகப் பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் மணல்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துத் தேயுங்கள், சிறு பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள்.

பத்துமலையில் 2006-இல் எழுந்த 140 அடி முருகன் சிலைக்குள்ளும் ஏறக்குறைய 250 டன் இரும்புக் கம்பி இருக்கிறது. இத்தனை மழையிலும் அந்தக் கம்பியைக் காப்பது அதைச் சூழ்ந்த கான்கிரீட். சிமெண்டின் காரத்தன்மை இரும்பின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. புளிப்பு இரும்பைக் கடிக்கும். காரம் இரும்பைக் காக்கும். சோடா நீரில் அலசச் சொல்வதன் நியாயம் இதுதான்.

டில்லியில் ஏறக்குறைய 1,600 ஆண்டுகளாக வெட்டவெளியில் நிற்கும் இரும்புத் தூணின் கதையும் இதைப் போன்றதே. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் அதை ஆராய்ந்தார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேற்பரப்பில் உண்டான மெல்லிய படலம் தூணைக் காக்கிறது என்று விளக்கினார். நம் வீட்டு இரும்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதற்கு நாம் பூசும் எண்ணெய்தான் படலம்.

உயிருக்கு ஆபத்தானவை

இந்தப் பகுதியை வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஒன்று. துணி வெளுக்கும் குளோராக்ஸ் போன்ற திரவத்தை வினிகரோடும் எலுமிச்சையோடும் எந்த அமிலத்தோடும் கலக்காதீர்கள். குளோரின் என்ற நச்சுவாயு கிளம்பும். பூட்டிய குளியலறையில் அது ஆளையே கொல்லும்.

இரண்டு. ரப்பர்ப் பால் உறைய வைக்கப் பயன்படும் போர்மிக் ஆசிட், கார் பேட்டரித் தண்ணீர் இவை துருவை நொடியில் எடுக்கும் என்று யாராவது சொல்வார்கள். எடுக்கும்தான், தோலையும் கண்ணையும் சேர்த்து எடுக்கும். வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

மூன்று. துருவெடுத்த வினிகரையோ மண்ணெண்ணெயையோ பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளை போத்தலின் வடிவத்தைத்தான் பார்க்கும்.

நான்கு. துருப்பிடித்த ஆணி குத்தினால் ரண ஜன்னி வரும் என்று பயப்படுகிறோம். துருவில் அந்த நோய் இல்லை. மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமி ஆழமான காயத்துக்குள் போவதால் வருவது அது. ஆகவே துருவே இல்லாத ஆணி குத்தினாலும் கவனம் தேவை. காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். மஞ்சள் பூசிக் கட்டிக்கொண்டு படுத்துவிடாதீர்கள்.

ஐந்து. எல்லாத் துருவும் மீட்கத் தக்கதல்ல. சமையல் வாயுத் தோம்பு, அதன் திருகு, ஏணி, சைக்கிள் பிரேக்கு, பாரம் தூக்கும் சங்கிலி ஆகியவை ஆழமாகத் துருவேறிவிட்டால் சுத்தம் செய்து பயன்படுத்தாதீர்கள். துரு போனாலும் போன பலம் திரும்பாது. தோம்பை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அரிவாளில், கழியோடு சேரும் இடத்தில் குழி விழுந்திருந்தால் அது தலைக்கு மேல் நிற்கும் ஆபத்து. தைப்பூசத்துக்கு அலகு குத்தும் வேலும் கொக்கியும் துருவேறியிருந்தால் தேய்த்து எடுத்துச் செல்லாதீர்கள், புதியதை வாங்குங்கள்.

துணியில் துருக்கறை

பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை கொடிக்கம்பியில் பட்டுத் துருக்கறை ஆவது எல்லார் வீட்டிலும் நடப்பது. வெளுக்கும் திரவத்தில் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகப் படியும். எலுமிச்சைச் சாறும் உப்பும் பூசி, ஒன்றிரண்டு மணி நேரம் வெயிலில் வைத்து, நன்றாக அலசுங்கள். தேவையானால் மறுமுறையும் செய்யுங்கள். வண்ணத் துணி என்றால் ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இனி வராமல் இருக்க

வேலை முடிந்ததும் துடைப்பது, காயவைப்பது, ஒரு சொட்டு எண்ணெய் தடவுவது. இது இரண்டு நிமிட வேலை. சமையலுக்கான கத்திக்குத் தேங்காய் எண்ணெய். மற்றதற்கு இயந்திர எண்ணெய். பாராங்கை அதன் மர உறையிலேயே மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். மரம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சாமான் பெட்டிக்குள் சிறிது அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து போட்டு, அவ்வப்போது வெயிலில் காயவைத்து மீண்டும் போடுங்கள். சிமெண்டுத் தரையில் நேராக இரும்பை வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

"இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இராது" என்பது நம் பழமொழி. இரும்பு பிடித்துப் பழகிய கைகள் நம்முடையவை. ஆயுத பூசைக்கு இன்னும் சில வாரம் இருக்கும்போதே அந்தச் சாக்கை அவிழ்த்து, கத்தியையும் அரிவாளையும் வெளியே எடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். இது யார் பிடித்த கத்தி, எந்தத் தோட்டம், எத்தனை மரம் என்று கேட்பார்கள். சொல்லுங்கள். பூசை முடிந்த மறுநாள் மறக்காமல் சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். ஈரச் சந்தனம் காய்ந்த இடத்தில்தான் அடுத்த துரு ஆரம்பமாகும்.

அடுத்த முறை பித்தளை, செம்புப் பாத்திரங்களில் ஏறும் பச்சைக் களிம்பைப் பற்றிப் பார்ப்போம்.